இதில் குணம் காணாவிடில்

மூத்திர வாடை சுவரோரமாக ஏறி, பழைய காகிதத்தின் புழுக்க நாற்றத்தோடு கலந்து, அதற்குமேல் கடைக்காரர் கொளுத்தி வைத்த மட்டமான ஊதுபத்தி வேறு. தணிகாசலம் சுவரைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார். கைக்குட்டையை மூக்கில் வைக்கலாம் என்றால், அதைக்கொண்டுதான் சற்றுமுன் இந்தப் புத்தகத்தின் அட்டையைத் துடைத்திருந்தார். கறுப்பாகப் பிசுபிசுவென்று எதுவோ ஒட்டிக்கொண்டுவிட்டது. எண்ணெயா, சளியா, வேறெதுவா, கடவுளுக்கே வெளிச்சம். எத்தனை பேர் எச்சில் தொட்டுப் புரட்டினார்களோ. ஓரங்களெல்லாம் கட்டைவிரல் பட்டுப் பட்டு மஞ்சளும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் ஒரு நிறம். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளுக்கு வருவதென்றால் அவருக்கு எப்போதும் இப்படித்தான், போய்க் குளித்தால்தான் ஆச்சு. இன்றைக்குக் குளித்தாலும் போகாது என்று தோன்றியது. "இன்னா சார், ரெண்டையும் வச்சிக்கினு முழிக்கிற. ரெண்டும் ஒரே புக்குதான்," என்றார் கடைக்காரர் மஸ்தான் பாய், வாயில் இருந்ததைக் கடைக்குப் பக்கத்திலேயே துப்பிவிட்டு. அந்தச் சிவப்பு, தரையில் ஏற்கெனவே காய்ந்து கிடந்த சிவப்பின் மேல் விழுந்தது. தணிகாசலம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஒரே புத்தகமாம். இடது கையில் ஐந்தாம் பதிப்பு, வலது கையில் திருத்திய ஒன்பதாம் பதிப்பு. ஹோமியோபதி வீட்டு மருத்துவக் கையேடு. எழுதியவர் யாரோ ஒரு ரிட்டையர்டு தாசில்தார். ஒரே புத்தகமாக இருந்தால் நான் எதற்கய்யா லீவு போட்டுவிட்டு இந்தச் சாக்கடையில் வந்து நிற்கிறேன்?

அவரிடம் ஒன்று இருந்தது, இதே ஐந்தாம் பதிப்பு. அயனாவரத்தில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது கீழ்த்தட்டில் இருந்து ஊறிவிட்டது. மனைவி வேதவல்லி அதை ஃபேனுக்குக் கீழே விரித்து வைத்துக் காயவைத்துப் பார்த்தாள். முன்பக்கம் தேறியது, பின்பாதி பிசின் போட்டது போல ஒட்டிக்கொண்டு, மேலே பச்சையாகப் பூசணம். தொட்டால் கையில் மாவாக வரும். பின்பாதியில்தான் பெண்டிர் நோய்கள். இத்தனை வருஷம் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சொசைட்டி ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா மறைந்து 'ஹோமியோ சார்' ஆகிவிடுவார். மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெருவில் பாதிப்பேர் வருவார்கள். மரு, மூக்கடைப்பு, குழந்தை படுக்கையில் மூத்திரம் போவது. அதற்கெல்லாம் முன்பாதி போதும், அதுவும் மனப்பாடம். முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு நாளாக இருக்கிறது. பிறகு, எரிச்சலா, குத்தலா, இழுத்துப் பிடிக்கிறதா, ராத்திரி அதிகமா, பகலில் அதிகமா, வெந்நீர் பட்டால் சுகமா. கேட்டு, தலையாட்டி, வெள்ளை உருண்டைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் முடிந்தது. இந்த மருத்துவத்தில் அவருக்குப் பிடித்ததே அதுதான். தொட வேண்டாம். அவிழ்த்துப் பார்க்க வேண்டாம். ரத்தம், சீழ், ஊசி, பஞ்சு, அந்த நாற்றம் பிடித்த டெட்டால் தண்ணீர், எதுவும் கிடையாது. 'மருத்துவன் பார்ப்பவன் அல்லன், கேட்பவன்' என்று தாசில்தார் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். என்ன அழகான வாக்கியம் என்று அடிக்கோடு போட்டு வைத்திருந்தார் தணிகாசலம். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இன்றுவரை அதைப் பார்க்கவே இல்லை. வேதவல்லியின் இடது மார்பில் இருப்பதை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார், எரிகிறதா, குத்துகிறதா என்று. ஒன்றுமே இல்லைங்க, வலியே இல்லை, கல்லு மாதிரி இருக்கு, அவ்வளவுதான் என்று உள்ளேயிருந்து சொன்னாள். வலி இல்லையென்றால் நல்லது, என்றார். நல்லதாம்! எந்த வாயால் சொன்னார்? காபி குடித்த இதே வாயால்தான்.

காலையில் அவள் தானும் வருவதாகச் சொன்னாள். "வீட்ல உக்காந்திருக்கப் பிடிக்கலைங்க, நானும் கூட வரேன்." கட்டைப்பை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். அது உப்பியிருந்தது. உள்ளே துண்டின் ஓரம் தெரிந்தது, ஆதார் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் கவர் தெரிந்தது. புத்தகக் கடைக்கு எதற்குத் துண்டு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்பதுதான் தன் தொழில் என்று பெருமைப்பட்டுக்கொள்கிற ஆள் அதை மட்டும் கேட்கவில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். இரண்டு வாரமாக அவளிடம் அந்த வாடை. பவுடர் போட்டாலும், ஈரத்துண்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாலும், சற்று நேரத்தில் வந்துவிடும். இனிப்பும் அழுகலுமாக, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவளே தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள், ஒரு வார்த்தை சொல்லாமல். ராத்திரி அவர் கட்டிலில் கையைக் காலை நீட்டிப் படுத்தார், நன்றாகத் தூங்கினார். சே, தூங்கினார் பார், அதைச் சொல். புத்தக மார்க்கெட் வாசல் படியில் இளநீர்க்காரிக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, இதோ வந்துடறேன் என்று வந்தவர், நேராகவா கடைக்கு வந்தார்? மூலையில் இருக்கிற டீக்கடையில் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் வந்தார். கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன். அவளுக்குப் பத்தியம், காபி கூடாது. காபி மருந்தை முறித்துவிடும். அவருக்கு என்ன பத்தியம்? படியில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பின்னால் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரியாஸ்பத்திரி. அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்துவந்துவிட்டார்.

ஐந்தாம் பதிப்பின் அட்டையை விரித்தார். காய்ந்துபோன ஒரு கரப்பான்பூச்சி, தட்டையாக, பக்கத்துக்குள் கண்ணாடி போல ஒட்டிக்கிடந்தது. சிறகு மட்டும் பறந்து அவர் சட்டைமேல் விழுந்தது. தூ. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். பிறகு பெண்டிர் நோய்கள். இருக்கிறது. எல்லாப் பக்கமும் தனித்தனியாக, ஒட்டாமல், முழுசாக இருக்கிறது. 'ஸ்தனத்தில் கட்டி.' கண் வேகமாக ஓடியது. முதலில் சொல்லியிருப்பது அவர் ஞாபகத்திலிருந்து கொடுத்ததுதான், பரவாயில்லை, சரியாகத்தான் கொடுத்திருக்கிறோம். மாதக்கணக்காகக் கொடுத்தும் கல்லு கல்லாகவே இருந்தது, பிறகு கல்லுக்கு மேல் தோல் சுருங்கியது, பிறகு கசிய ஆரம்பித்தது. அதனால்தான் அடுத்தது என்னவென்று தெரிந்தாக வேண்டும். 'இதில் குணம் காணாவிடில்' என்று தாசில்தார் அடுத்த பத்தியை ஆரம்பித்திருந்தார். அப்பாடா. அடுத்த மருந்து. 'இதில் குணம் காணாவிடில்' என்று மறுபடியும், அதற்கடுத்த மருந்து. என்ன தெம்பான ஆள்! குணம் காணாவிட்டால் என்ன, அடுத்தது இருக்கிறது, அதற்கடுத்தது இருக்கிறது, ஒரு வருஷம் ஓட்டலாம். பக்கத்தைத் திருப்பினார். 'இதிலும் குணம் காணாவிடில், நோயாளி மறைவில் பத்தியம் மீறுகிறாரா என விசாரித்து அறிக.' அவ்வளவுதான், அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 'மலட்டுத்தன்மை'. தணிகாசலம் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். இதை எப்போதோ படித்திருக்கிறார். படித்தது மறந்து, அது அவருடைய சொந்த யோசனை மாதிரியே ஆகிவிட்டிருந்தது. தை மாதம் ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குப் போய், "நீ காபி குடிக்கிறியா?" என்று கேட்டார். இல்லைங்க. "பொய் சொல்லாத. இல்லேன்னா மருந்து ஏன் கேக்க மாட்டேங்குது?" இல்லைங்க, சத்தியமா. "வாயைத் திற." அவள் திறந்தாள். குனிந்து மோந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து காலையில் காபி இல்லாமல் அவளுக்குக் கண்ணே திறக்காது. பத்தியம் என்று சொன்ன அன்றைக்கு விட்டவள், தலைவலியில் சுவரில் முட்டிக்கொண்டு விட்டவள், வாயைத் திறந்துகொண்டு நின்றாள், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பார்களே, அந்த மாதிரி. வாயில் வெறும் பசி வாடைதான் வந்தது. அப்போதும் அவர், "வெங்காயமாவது தின்னிருப்ப," என்றார். இப்போது, இந்த மூத்திரச் சுவருக்குப் பக்கத்தில், அந்த வார்த்தை எச்சிலோடு அவர் தொண்டைக்குத் திரும்பி வந்தது. விழுங்கவும் முடியவில்லை, மஸ்தான் பாய் மாதிரி துப்பவும் முடியவில்லை.

ஒன்பதாம் பதிப்பைத் திறந்தார். இது சுத்தமாக இருந்தது, யாரும் படித்த மாதிரியே இல்லை. வெள்ளைத் தாளில் லேசாகப் பசை வாசனை. தாசில்தார் செத்துப்போய், அவருடைய பேத்தி திருத்தியிருக்கிறாள், பேருக்குப் பின்னால் பெரிய டாக்டர் பட்டமெல்லாம் போட்டுக்கொண்டு. முன்னுரையில் தாத்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே கையை வைத்திருக்கிறாள். 'மருத்துவன் பார்ப்பவன் அல்லன்' காணோம். பக்கத்தைத் தேடினார். 'மார்பில் கட்டி: இதற்கு இந்நூலில் மருந்து இல்லை. இன்றே மருத்துவமனைக்குச் செல்க.' இவ்வளவுதானா? திருப்பிப் பார்த்தார், அடுத்த பக்கத்தில் வேறு நோய். தாத்தா ஒன்றரைப் பக்கம் பாடுபட்டு எழுதியதை இரண்டே வரியில் துடைத்துவிட்டாள் கழுதை. அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இன்றேவாம். எந்த இன்று? இது அச்சாகி எத்தனை வருஷமோ, எவன் வீட்டு அலமாரியில் கிடந்ததோ, இங்கே தூசியில் எவ்வளவு காலம் கிடந்ததோ, அத்தனை நாளும் உள்ளே இன்றே இன்றே என்று யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது? தை மாதம் திறந்திருந்தால் தை மாதம் இன்றே. ஆடியில் திறந்திருந்தால் ஆடியில் இன்றே. பட்டென்று மூடினார். "பழசே எட்து சார்," என்றார் மஸ்தான் பாய், பீடிக் கட்டைப் பிரித்துக்கொண்டே. "அல்லாரும் அதான் கேக்கறாங்க. புதுசு போணியே ஆவல. டாக்டர்கிட்ட போ, டாக்டர்கிட்ட போன்னு பக்கத்துக்குப் பக்கம் போட்டுக்கிறான். அதுக்கு இன்னாத்துக்கு சார் புக்கு?" நியாயம்தான் என்று தணிகாசலம் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டடை மாதிரி ஒட்டிக்கொண்டது.

பழசை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த மருந்தை வாங்கிக்கொண்டு, இன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்துவிடலாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கும், அவருக்குத் தெரியாதா? மரகதம் அக்கா ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தாளே. பீங்கான் பேசின் ஒன்றைக் கொடுத்து, பிடிச்சுக்கோடா என்றார்கள். அவருக்கு அப்போது பதினைந்து பதினாறு வயசு. அதில் என்ன இருந்தது என்று இப்போது நினைத்தாலும் நாக்கடியில் புளிக்கிறது. டெட்டால், பினாயில், அதற்கடியில் இன்னொன்று, அடக்க அடக்க மேலே வருகிற இன்னொன்று. அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், உடனே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், இவனுக்கு வாடை அடிக்குமே என்று. அதற்கப்புறம் அவர் வராந்தாவோடு சரி. கூடத்தில் தலையணையைப் போட்டுக்கொண்டு வேதவல்லியும் சுவர்ப் பக்கம்தான் திரும்பிப் படுக்கிறாள். எல்லாரும் ஏன் இந்த ஆளுக்காகச் சுவர்ப் பக்கம் திரும்புகிறார்கள்? அறுப்பார்கள், வெட்டி எடுப்பார்கள், கட்டுப் பிரிக்கும்போது கூட நிற்கச் சொல்வார்கள், டியூப் வைத்து அனுப்புவார்கள், அதை யார் கழுவுவது? அவர் பயமெல்லாம் அவள் செத்துப்போவாளோ என்பதில்லை, கழுவ வேண்டி வருமோ என்பது. நினைத்துவிட்டார். நினைத்தது இனி இல்லையென்று ஆகுமா? தன் தோலை உரித்து இந்தச் சுவரோரம் போட்டுவிட்டுப் போய்விடலாம் போல் அருவருப்பாக இருந்தது. அப்போதும் கை, பாருங்கள், அந்தக் கை ஐந்தாம் பதிப்பைத்தான் நீட்டியது. "இதையே கட்டுங்க பாய்." நெஞ்சில் ஏதோ இறங்கியது. நிம்மதிதான், வெட்கம் கெட்ட நிம்மதி. மஸ்தான் பாய் பழைய பேப்பரைத் தேடும்போது சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஏங்க, எங்க இருக்கீங்க?" வேதவல்லிதான். "கடையிலதான். நீ படியில இல்லையா?" என்றார். "இல்லைங்க. ரோட்டைத் தாண்டி வந்துட்டேன். ஆஸ்பத்திரில இருக்கேன், சீட்டு போட்டாச்சு." அவள் குரல் சாதாரணமாக இருந்தது, ரேஷன் கடையிலிருந்து பேசுகிற மாதிரி. "ஒரு காபி குடிச்சேங்க. மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் மோந்து பார்க்க வேணாம்." தணிகாசலம் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். "எவ்ளோ நாளா இருக்குன்னு கேக்கறாங்க. அதெல்லாம் அவர்தான் சொல்லணும், கேட்டுச் சொல்றேன்னேன். சொல்லுங்க, எப்பலேர்ந்து?" எத்தனை பேரிடம் கேட்டிருப்பார் இந்தக் கேள்வியை. மாடிப்படிக்குக் கீழே, கால்மேல் கால் போட்டுக்கொண்டு. "ஆடிலேர்ந்து," என்றார். அந்தப் பக்கம் வேதவல்லி, "ஆடிங்க," என்று யாரிடமோ சொன்னாள். ஒரு பெண் குரல், நர்ஸாக இருக்கும், "இப்ப வைகாசிம்மா. போன ஆடியா? அப்பலேர்ந்து என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்றது. "வீட்டுக்காரர் மருந்து குடுத்துட்டிருந்தாரு." "என்ன மருந்து?" "பேரு தெரியாதுங்க. வெள்ளையா, இனிப்பா இருக்கும்." அந்தக் குரல் தணிந்து இன்னும் ஏதோ சொன்னது. பிறகு வேதவல்லி, "புஸ்தகம் வாங்கிட்டீங்கள்ல? அதை எடுத்துட்டு வாங்க. எதைப் பார்த்துக் குடுத்தாருன்னு டாக்டர் பார்க்கணுமாம்," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

"பழசையே கட்டட்டுமா சார், சொல்லு," என்றார் மஸ்தான் பாய். தணிகாசலத்தின் கண் புதுசின் மேல் போனது. அதைக் கொண்டுபோய் நீட்டினால்? இதைத்தானே வாங்க வந்தேன், இன்றே வரச் சொல்லியிருக்கு, வந்தோம் என்றால்? அந்த யோசனை எவ்வளவு சுருக்காக, எவ்வளவு வழவழவென்று வந்தது என்பதைப் பார்த்ததும் அவருக்கே குமட்டிவிட்டது. சுவரோரமாகப் போய்க் குனிந்தார். காபிதான் வந்தது, கறுப்பாக, அங்கிருந்த எல்லாவற்றோடும் கலந்து. கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், அட்டைப் பிசுக்கு இருந்த அதே கைக்குட்டை. "கட்ட வேணாம், அப்படியே குடுங்க," என்று பழசை வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்.

வராந்தாவில் பெஞ்சு. பினாயில் வாடை வாசலிலேயே வந்து வரவேற்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வேதவல்லி மடியில் கட்டைப்பை, கையில் சீட்டு. அவர் பக்கம் திரும்பினாள், லேசாக மூக்கைச் சுருக்கினாள். "நீங்களும் குடிச்சிருக்கீங்க," என்றாள். கோபமே இல்லை அதில். உள்ளேயிருந்து அவள் பேரைக் கூப்பிட்டார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புத்தகத்துக்குக் கையை நீட்டினாள். அவர் கொடுத்துவிட்டு, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார்.

"நீங்க இங்கயே உக்காருங்க. உள்ள அவுத்துக் காட்டணும். உங்களுக்கு அந்த வாடை ஆகாது," என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

தணிகாசலம் உட்கார்ந்துவிட்டார்.